பழைய புடவை, கொஞ்சம் பெயிண்ட், நிறையத் தையல்

"பெயிண்ட் பண்ணின துணியிலே ஊசி இறங்குமா?" ஃபேப்ரிக் பெயிண்டிங் தெரிந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தையலில் கைதேர்ந்தவர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "கஷ்டப்பட்டுத் தைச்சு முடிச்ச போர்வை மேலே யாராவது பெயிண்டைப் பூசுவாங்களா?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். தலையணை உறையில் ரோஜாப் பூ போடுகிற வரைக்கும் இந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஆனால் பழைய நூல் புடவைகளை அடுக்கி, இழையோட்டித் தைத்து, அதிலே ஒரு படமும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால், எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்படி அடுக்கித் தைப்பதை ஆங்கிலத்தில் க்வில்ட் என்கிறார்கள். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி. எல்லாமே நைந்த புடவையிலும் வேட்டியிலும் பிறந்தவை. அந்தக் காலத்தில் காந்தாவுக்கு நூல்கூடக் கடையில் வாங்க மாட்டார்களாம். பழைய புடவைக் கரையிலிருந்தே இழையை உருவிக்கொள்வார்கள். துணியில் படம் எழுதித் தைத்துக்கொள்வதும் நமக்குப் பழக்கமானதுதான். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரித் துணிகள் கோயில் தொம்பைகளாகவும் குடைகளாகவும் தைக்கப்பட்டுத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். (2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.) ஆனால் அங்கே தையலின் வேலை துணியைச் சேர்ப்பது மட்டும். நான் சொல்ல வருவது, தையலும் படத்தின் ஒரு பாகமாகிவிடுகிற விஷயம்.

ஒரே புடவையிலிருந்து எட்டு அங்குலச் சதுரங்களாக நாலு மாதிரித் துண்டுகள் வெட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு அடுக்குப் பழந்துணி, அடியில் இன்னொன்று. நாலிலும் ஒரே இலைதான் படம். நீங்களும் இப்படிச் சின்னத் துண்டில் பார்த்துவிட்டுப் பெரிதாக ஆரம்பியுங்கள். ஒரு மத்தியான வேலைதான்.

முதல் துண்டில் பெயிண்டை பாட்டிலிலிருந்து எடுத்தபடியே கெட்டியாகப் பூசினேன். காய்ந்ததும் துணி அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டது. ஊசி ஒவ்வொரு தடவையும் 'டப்' என்று சத்தம் போட்டுக்கொண்டு இறங்குகிறது. பத்து நிமிஷத்தில் விரல் நுனி வலி கண்டுவிட்டது. காரணம் இதுதான். சாயம் என்றால் நூலோடு நூலாகச் சேர்ந்துகொள்ளும். ஃபேப்ரிக் பெயிண்ட் அப்படியில்லை. அதில் நிறப்பொடியோடு அக்ரிலிக் பசை கலந்திருக்கிறது. அது காய்ந்து நூலின் மேல் மெல்லிய தோல் மாதிரி படிகிறது. அந்தத் தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான். பிரித்து மறுபடி தைக்கலாம் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒன்று, தையல் அதில் அமுங்காமல் மேலேயே நிற்பதால், பேனாவில் கோடு இழுத்தது போலப் பளிச்சென்று இருக்கிறது. இலை நரம்பு, பறவையின் கண், கூரை ஓரம் போன்ற சின்ன இடங்களுக்கு மட்டும் இந்த முறையை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது துண்டுக்குப் பெயிண்டைத் தளர்த்திக்கொண்டேன். இதற்கென்றே 'மீடியம்' என்று கடையில் தனி பாட்டில் விற்கிறார்கள். ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு பங்கு அது. தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றினால் பசையின் பலம் குறைந்து, நாலு சலவையில் நிறம் வெளிறிவிடும். மீடியம் கலந்து பூசின துணி புடவையாகவே இருந்தது. ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கிற்று. தையலைக் கொஞ்சம் இழுத்தால் பக்கத்தில் சின்னச் சுருக்கம் விழுகிறது. அந்தச் சுருக்கத்தில் தானாகவே நிழல் விழுகிறது.

மூன்றாவது துண்டில் தலைகீழ். முழுக்கத் தைத்து முடித்துவிட்டு அப்புறம் பெயிண்ட். சிறுவயதில் காகிதத்துக்கு அடியில் காசை வைத்து, மேலே பென்சிலால் தேய்த்து ராஜா தலையை எடுத்திருக்கிறீர்களா? அதே வித்தைதான். பிரஷ்ஷில் பெயிண்டைத் தொட்டு, பழைய செய்தித்தாளில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் துணிமேல் லேசாகத் தடவ வேண்டும். தையலுக்கு நடுவில் உப்பியிருக்கிற மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டும். தையல் ஓடின பள்ளம் பழைய நிறத்திலேயே நிற்கும். வரையத் தெரியாது என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

நாலாவது துண்டு, முதலில் தளர்ந்த பெயிண்ட், பிறகு தையல், கடைசியில் அங்கங்கே உலர்ந்த பிரஷ். நேரம் அதிகம் பிடிக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தது இதைத்தான். என் ஓட்டும் இதற்கே.

நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பெயிண்டால் மூன்று சாயலில் நிழல் கொடுத்து, வளைத்து வளைத்து இலை வரைந்துவிட்டு, ஓரத்தில் ஒரு சுற்றுத் தையல் போடுகிறோமே, அது வீண் சிரமம். மேடு பள்ளத்தைத் தையல் பார்த்துக்கொள்ளும். இலையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் அரிசி அகல இடைவெளியில் நெருக்கமாக ஓட்டுங்கள். இலைக்குள் ஊசியே போகாதீர்கள். சுற்றுப்புறம் அமுங்கி, இலை தானாக உப்பி எழும். அதையே மாற்றிச் செய்தால் இலை பள்ளமாகி, பின்னுக்குப் போய்விடும்.

பெயிண்ட் வேலையே கைப்படாமல் நடக்கிற முறையும் ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஓர் உபயோகம்! பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி, ஈரத்தோடு ஒரு பலகைமேல் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பரப்புங்கள். தளர்ந்த பெயிண்டைத் துணி முழுக்கப் பூசி, ஈரம் காய்வதற்குள் முருங்கை இணுக்கு, வேப்பிலை, பெரணி எதையாவது அழுத்தி வைத்து, நல்ல உச்சி வெயிலில் வையுங்கள். வெயில் படுகிற இடம் முதலில் காய்கிறது. காய்கிற இடம் பக்கத்து ஈரத்தை இழுக்கிறது. ஈரத்தோடு இலைக்கு அடியிலிருக்கிற நிறமும் போய்விடுகிறது. இலையை எடுத்தால் அதே அச்சில் வெளிர் உருவம் இருக்கும். இலை துணியோடு படிந்து கிடந்தால்தான் அச்சு சுத்தமாக விழும். ஆகையால் முதல் நாளே ஒரு கனமான புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். காற்று அடித்தால் போச்சு, குண்டூசியோ சின்னக் கூழாங்கல்லோ கைவசம் இருக்கட்டும். இலைக்குப் பதில் நாலு கல் உப்பைத் தூவினாலும் வேடிக்கைதான். உப்பு ஈரத்தை உறிஞ்சுகிற இடத்தில் நட்சத்திரம் போலத் திட்டுத் திட்டாகப் பூக்கும்.

எந்த முறையானாலும் ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். பிறகு துணியின் பின்பக்கத்தில், நீராவி இல்லாமல், சூடான இஸ்திரி. அதற்கப்புறம்தான் அடுக்கித் தைப்பது. தைத்த பின் பெயிண்ட் பூசினதற்குப் பின்பக்கத்துச் சூடு எட்டாது. மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு முன்பக்கமே தேய்க்க வேண்டும். அதனால்தான் நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு வைக்காதீர்கள் என்கிறேன். சூட்டில் அது சப்பையாகிவிடும். பழைய நூல் புடவைக்கு ஈடு எதுவுமில்லை.

நூலுக்கு, ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை பிரித்துக்கொண்டால் போதும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போனால் துணி குமியாது. மெஷினில் தைப்பவர்கள் புது ஊசி மாட்டி, தையலைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். பொடித் தையல் பெயிண்ட் தோலைத் துளைத்துத் துளைத்து, தபால்தலை ஓரம் மாதிரி ஆக்கிவிடும்.

எந்தப் புடவையை எடுப்பது? இதுதான் பெரிய சங்கடம். என் அத்தையிடம் சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்று இருந்தது. முந்தானைக்குப் பக்கத்தில் கையகலத்துக்கு வாழைக்கறை. கட்டவும் முடியாது, கொடுக்கவும் மனசு வராது. நான் கேட்டபோது அத்தை கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "கட்டிக்க முடியாட்டா மடிச்சு வெச்சுக்கோயேன். நல்ல நூல்டி இது. அதுலே போய்ப் பெயிண்டைப் பூசுவாளா யாராவது?" அவர் சொல்வதில் தப்பில்லை. ஒரு தடவை கத்தரி வைத்தால் புடவை திரும்பி வராது. ஆனால் மடித்து வைத்த புடவை மடிப்பிலேயே இற்றுப்போவதையும் நாம் பார்க்கிறோம் அல்லவா? வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள். 'சர்'ரென்று விட்டுக்கொடுத்தால் அது உள் அடுக்குக்குத்தான் லாயக்கு. தாங்கினால் மேல் துணி. சுங்குடியாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுவதும் அவசியம்.

அத்தையின் புடவையில் முந்தானையை வெட்டாமல் தனியே எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். கறையைப் பெயிண்டால் மூடவில்லை. மூடுவதென்றால் கெட்டியாகப் பூச வேண்டும். அந்த இடம் மட்டும் அட்டையாகிவிடும். அதற்குப் பதில் கறையின் ஓரத்தையே கோடாக வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வட்டமாக இழை ஓட்டினேன். குளத்தில் கல் விழுந்த மாதிரி. சுற்றிலும் தளர்ந்த பச்சையில் தாமரை இலைகள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இது உன் மாமா தம்பி கல்யாணத்தன்னிக்குப் பட்ட கறைடி. பந்திக்கு நான்தான் இலை நறுக்கினேன்" என்றார். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடத்தில் எங்கே மாட்ட வேண்டும் என்று அவர்தான் ஆணி அடிக்கச் சொன்னார்.

வர்ணத்தையும் ஊசியையும் சேர்த்து உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணி உண்டு. ஃபெய்த் ரிங்கோல்ட். 1930-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினப் பெண். படித்தது ஓவியம். 1972-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் ஒன்றில், துணியை ஓரமாகத் தைத்த தங்கா என்ற பௌத்த ஓவியங்களைப் பார்த்த பிறகு, தம் ஓவியங்களுக்கும் மரச் சட்டத்தை விட்டுவிட்டுத் துணிக் கரை தைக்க ஆரம்பித்தார். தைத்துக் கொடுத்தது உடை வடிவமைப்பாளரான அவருடைய தாயார் வில்லி போஸி. 1980-இல் தாயும் மகளும் சேர்ந்து, ஹார்லெம் மனிதர்களின் முகங்களை வரைந்து ஒரு க்வில்ட் செய்தார்கள். மறு வருஷம் தாயார் காலமானார். மகள் நிறுத்தவில்லை. 1988-இல் அவர் செய்த 'டார் பீச்' என்பதில், கோடை ராத்திரியில் ஒரு குடும்பம் மொட்டைமாடியில் காற்று வாங்குகிறது; சின்னப் பெண் ஒருத்தி பாலத்துக்கு மேலே பறக்கிறாள். நடுவில் அக்ரிலிக் ஓவியம், சுற்றிலும் ஒட்டுத்துணிக் கரை. 2024-இல், 93 வயதில் அவர் மறைந்தார். துணி ஓவியத்தில் அவருக்குப் பிடித்த சௌகரியம் ஒன்று நமக்கும் பொருந்தும். சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். தூக்கிவிட இன்னொருவர் வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெயிண்ட் போட்டது சுவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தை எதையும் வாயில் வைத்துச் சப்பும். அதன் துணியில் பெயிண்ட் வேண்டாம், மணியும் பட்டனும் வேண்டாம். இன்னொன்று, தைத்த போர்வை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், ஒரு வயது நிறையாத குழந்தை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ வைக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் கண்டிப்பான யோசனை. முகத்தில் மூடி மூச்சு முட்டும் அபாயம் உண்டு. குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கையில், பெயிண்ட் படாத வெறும் தையல் துப்பட்டியைத் தரையில் விரித்துக் குப்புறப் போடுங்கள், அது போதும். பெயிண்ட் கரைத்த கிண்ணம், கரண்டி எதுவும் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

மாட்டுவதற்கு, பின்பக்கம் மேல் ஓரத்தில் நாலு அங்குல அகலத்தில் துணிக் குழாய் தைத்து, ஒரு திரைச்சீலைக் கம்பியைச் செருகிவிட்டால் துணி தொய்யாது. நேர் வெயில் படுகிற சுவர் வேண்டாம். தூசி படிந்தால் முதலில் உதறிப் பாருங்கள். துவைத்தே ஆக வேண்டுமென்றால் இஸ்திரி போட்டு மூன்று நாள் கழித்து, பச்சைத் தண்ணீரில், முறுக்காமல் அலசி நிழலில் காயப்போடுங்கள். எடுத்து வைக்கும்போது மட்டும் புடவை மாதிரி மடிக்காதீர்கள். கோடைச் சூட்டில் பெயிண்ட் லேசாக இளகி, மடிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படம் வெளிப்பக்கம் இருக்கும்படி, நடுவில் ஒரு பழைய வேட்டித் துண்டைக் கொடுத்துச் சுருட்டி, பீரோவின் மேல் தட்டில் எதுவும் அழுத்தாமல் வையுங்கள்.