இல்லம் திரும்புவோருக்கு ஓர் இளம்பழுப்புச் சுவர்

சிகிச்சை முடிந்து இல்லம் திரும்புபவரின் அறைக்கு வண்ணம் பூசலாமா என உறவினர் பலர் எங்களிடம் வினவுகின்றனர். நல்ல எண்ணமே. சந்தனத்தை ஒத்த இளம்பழுப்பு, பளபளப்பின்றி அமைந்தால், கண்ணைக் கூசச் செய்யாது. கதவுநிலையும் குளியலறைக் கைப்பிடியும் அடர்நிறத்தில் இருக்கட்டும்; பார்வை மங்கியோர் தடுமாறமாட்டார்கள்.

பழைய பூச்சை உலர்வாகச் சுரண்ட வேண்டா. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவை மீறலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுந்திருக்கலாம். நனைத்துத் தேய்த்து, குழந்தைகளையும் கருவுற்றோரையும் விலக்கி வையுங்கள்.

நோயாளி வருமுன்பே பணி முடிந்து, வண்ணத்தின் நெடி நீங்கியிருத்தல் வேண்டும். ஆஸ்துமா உள்ளோருக்கு அந்நெடி மூச்சிரைப்பைத் தூண்டும். நாள் போதாதெனில் பூச்சைத் தள்ளிவையுங்கள். துவைத்த படுக்கைவிரிப்பும் திறந்த சன்னலுமே அவரை வரவேற்கப் போதும் என்கிறோம்.