மாட்டைக் கொல்லும் ஆணி, கம்பி... குறைந்த செலவில் மெட்டல் டிடெக்டர் வாங்குவது எப்படி?

தீவனத்தோடு உள்ளே போகும் இரண்டு அங்குலக் கட்டுக்கம்பி ஒரு கறவை மாட்டைச் சாகடித்துவிடும். மாடு தீவனத்தைப் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் சுருட்டி, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். அப்படி உள்ளே போன ஆணியும் கம்பியும் எடை காரணமாக இரைப்பையின் இரண்டாவது அறையில் தங்கிவிடும். தேன்கூடு போன்ற அந்த அறை சுருங்கி விரியும்போது, கூர்முனை அதன் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதற்கு நேர் முன்னால், உதரவிதானத்தை ஒட்டி அந்தப் பக்கம் இருப்பது இதயம்.

திடீரெனத் தீவனம் எடுக்காமல் போவது, பால் சட்டென்று இறங்குவது, முதுகை வளைத்து நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, அலைதாடியில் நீர் கோத்து வீங்குவது... இவையெல்லாம் இந்தப் பாதிப்பின் அறிகுறிகள். வீக்கம் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இந்த இரும்பு நிலத்துக்கு வரும் வழிகள் பல. வேலி போட்டபோது வெட்டிப்போட்ட கம்பித் துண்டு, கட்டட இடிபாட்டு மண், குப்பை கலந்த ஏரி வண்டல், நகரக் குப்பையில் தயாரித்த உரம், பழைய டயரை எரித்த இடத்தில் மிஞ்சும் மெல்லிய கம்பி என்று அடுக்கலாம். உழும்போது கழன்று விழுந்த ரொட்டவேட்டர் பிளேடும் போல்ட்டும் அடுத்த பருவத்தில் அறுவடை இயந்திரத்துக்குள் போய்ப் பெரிய செலவு வைக்கும். இதனால்தான் மெட்டல் டிடெக்டர் வாங்கும் யோசனை விவசாயிகளுக்கு வருகிறது. ஆனால், கடைகளில் இருக்கும் நிலக் கருவிகளில் பெரும்பாலானவை நாணயமும் நகையும் தேடுபவர்களுக்காகச் செய்யப்பட்டவை. விவசாயி தேடுவது இரும்பை. இந்த வித்தியாசம் புரிந்தால், பாதிப் பணம் மிச்சம்.

முதல் செலவு காந்தம்!

கையில் இருக்கும் பணம் மிகவும் குறைவு என்றால், டிடெக்டருக்கு முன் வலுவான காந்தம் வாங்குங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தங்கள் சிலவற்றை ஒரு பலகையின் அடியில் வரிசையாகப் பொருத்தி, தரையை உரசும்படி கயிறு கட்டி இழுத்தால், மேலே கிடக்கும் ஆணியும் கம்பியும் ஒட்டிக்கொள்ளும். வேலி வேலை, கொட்டகை வேலை முடிந்த அன்றே இதைச் செய்துவிட வேண்டும். தட்டை நறுக்கும் இயந்திரத்தில் தீவனம் வந்து விழும் சரிவிலும் ஒரு காந்தத்தைப் பொருத்தலாம்.

காந்தத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. செம்பு, அலுமினியம், பெரும்பாலான எவர்சில்வர் வகைகள் அதில் ஒட்டாது. மண்ணுக்குள் புதைந்த இரும்பையும் அது இழுத்து வெளியே கொண்டுவராது. டிடெக்டருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கைக் கருவியா, நிலக் கருவியா?

திரையரங்கு வாசலில் உடலைச் சோதிக்கப் பயன்படுத்தும் கைக் கருவி, நிலக் கருவியைவிட விலை மிகவும் குறைவு. தீவனக் கட்டு, தொட்டி, நறுக்கிய தட்டை ஆகியவற்றை மெல்லிய அடுக்காகப் பரப்பிச் சோதிக்க இது போதும். சிறிய ஆணியைச் சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் இது காட்டும். முழு வைக்கோல் கட்டின் நடுவில் இருக்கும் கம்பியை இதனால் கண்டுபிடிக்க முடியாது.

வயலில் புதைந்திருப்பதைத் தேட, நீண்ட கைப்பிடியின் அடியில் வட்டமான காயில் உள்ள நிலக் கருவி வேண்டும். காயிலில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சிறிய மின்னோட்டம் சுழலும். அதை இன்னொரு காயில் உணர்ந்து ஒலி எழுப்புகிறது. இவ்வளவுதான் தொழில்நுட்பம்.

தேடும் ஆழத்தைப் பொருளின் அளவும் காயிலின் அளவும் தீர்மானிக்கின்றன. நாணய அளவுப் பொருள் என்றால், ஏறக்குறைய காயிலின் விட்டம் அளவு ஆழம் வரை காட்டும் என்பது பொதுவான கணக்கு. 8 அங்குலக் காயில் என்றால் 8 அங்குலம். பிளேடு போன்ற பெரிய பொருளை இன்னும் ஆழத்திலும் காட்டும். மெல்லிய கம்பியை அதைவிடக் குறைவான ஆழத்தில்தான் காட்டும். பெரிய காயில் வாங்கினால் ஆழம் கூடும், ஆனால் சிறு ஆணிகள் நழுவிவிடும். உழவு போகும் மேல்மண்ணைச் சுத்தம் செய்ய 8 முதல் 10 அங்குலக் காயில் பொருத்தமானது. ‘10 அடி ஆழம் காட்டும்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எந்த அளவுப் பொருளை என்று கேளுங்கள்.

இரும்பை ஒதுக்கும் வசதி எதற்கு?

விலை கூடக் கூட, இரும்பையும் மற்ற உலோகங்களையும் பிரித்துக் காட்டும் வசதியும், திரையில் எண் காட்டும் வசதியும் கூடும். நாணயம் தேடுபவருக்கு ஆணி தொந்தரவு. அதனால் இரும்பை ஒதுக்கிவிட்டு மற்றதற்கு மட்டும் ஒலி எழுப்பும்படி கருவியை அமைத்திருப்பார்கள். மாட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அந்த ஆணிதான் வேண்டும். எனவே, இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ‘எல்லா உலோகமும்’ என்ற நிலையில் கருவி வேலை செய்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மிச்சமாகும் பணத்தை மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்யும் வசதிக்குச் செலவிடலாம். இரும்புத் தாது கலந்த செம்மண்ணிலும், சரளை மண்ணிலும், கடலோர உப்பு மண்ணிலும் மலிவான கருவிகள் ஒன்றும் இல்லாத இடத்தில்கூடக் கத்தும். மண்ணின் குறுக்கீட்டைக் கழித்துவிடும் அமைப்பு இருந்தால் இந்தத் தொல்லை குறையும். காயிலுக்குள் தண்ணீர் புகாத வகையாக இருப்பதும் அவசியம். வரப்பில் பனியும் ஈரமும் இருக்கும்.

அறுவடை முடிந்து, தாளை மேய்த்த பிறகு தேடுவது வசதி. காயிலைத் தரைக்கு இரண்டு விரல் உயரத்தில், சமமாகப் பிடித்து மெதுவாக வீச வேண்டும். கயிறு கட்டி வரிசை வரிசையாக நடந்தால் விட்டுப்போகாது. பி.வி.சி குழாயையும் நிலத்தடி நீரையும் இந்தக் கருவி காட்டாது. மோட்டார் கேபிள் போகும் பாதை என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் தோண்ட வேண்டும்.

ஒரு ஆண்டில் சில நாள்களே தேவைப்படும் கருவி இது. பால் கூட்டுறவுச் சங்கத்திலோ, உழவர் குழுவிலோ பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஒருவருடைய பங்கு சிறிய தொகைதான்.

‘தங்கம் காட்டும்’ ஆன்டெனா... உஷார்!

கைப்பிடியில் சுழலும் ஆன்டெனா, ‘பல நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் தங்கத்தைக் காட்டும்’ என்ற பேச்சு. இப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இதே மாதிரியான கருவியை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக் வரை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு, 2013-ம் ஆண்டு லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளை ஒட்டித்தான் அந்தக் கருவி உருவானது.

நாணயம் கிடைத்தால்?

இந்தியப் புதையல் சட்டம், 1878-ன்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொந்த நிலம் என்றாலும் இது பொருந்தும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் அருகே தோண்டவே கூடாது. சிவகங்கை மாவட்டம் கீழடியின் தொன்மை, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நடந்த அகழாய்வில்தான் வெளிப்பட்டது. பானை ஓடும் நாணயமும் எந்த அடுக்கில், எதன் அருகில் கிடக்கிறது என்பதில்தான் வரலாறு இருக்கிறது. பழம்பொருள் தென்பட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுப்பதே நல்லது.

வாங்கும் முன் கடையில் செய்ய வேண்டியவை

* வீட்டிலிருந்தே ஓர் ஆணி, இரண்டு அங்குலக் கட்டுக்கம்பி, ஒரு பழைய பிளேடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரத்தில் காட்டுகிறது என்று அளந்து பாருங்கள். மண்ணுக்குள் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும்.
* முடிந்தால் உங்கள் வயல் மண்ணை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொண்டுபோய், வெறும் மண்ணுக்கே கருவி கத்துகிறதா என்று பாருங்கள்.
* பேட்டரி சாதாரணக் கடையில் கிடைக்கும் வகையா, காயில் தனியாகக் கிடைக்குமா, பழுதுபார்ப்பது யார் என்று கேளுங்கள்.
* ரசீதும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

மாட்டின் மேல் டிடெக்டரை வைத்து நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். நலமாக இருக்கும் மாட்டின் வயிற்றிலும் இரும்பு கிடக்கலாம். ஒலி வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. அறிகுறி தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வயிற்றுக்குள் காந்தம் செலுத்துவதா, அறுவை சிகிச்சையா என்பதை அவர்தான் முடிவு செய்வார். டிடெக்டரின் வேலை, அந்த ஆணி மாட்டின் வாய்க்குப் போகும் முன்பே வயலிலிருந்து எடுத்துவிடுவது.