குழாய் தந்த ஈயம்

"கொதிக்க வெச்சுக் குடிச்சா எல்லாம் போயிரும்தானே சேர்?" தண்ணீரைப் பற்றிய பாடமொன்றின்போது ஒரு பிள்ளை கேட்டது. கிருமி போகும், ஈயம் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஈயம் கேத்தலுக்குள்ளேயே கிடக்கும். வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

எந்த ஈயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் மூத்தம்மாமார் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவித்தது வெள்ளீயம். இது காரீயம். நன்றாக வளையும் என்பதால் முன்பு தண்ணீர்க் குழாய்களை இதில் செய்தார்கள். 'பிளம்பர்' என்கிறோமே, அந்தச் சொல்லே ஈயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

ஈயக் குழாயில் ஓடும் தண்ணீரெல்லாம் நஞ்சாகிவிடுமா? அப்படியில்லை. தண்ணீரில் பொஸ்பேற்று சேர்த்தால் குழாயின் உட்புறம் ஒரு படலம் படியும். அது ஈயம் கரையாமல் காக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரில் தவறியது இந்த இடத்தில்தான். செலவைக் குறைக்கவென்று 2014 ஏப்ரலில், டெட்ராய்ட் நகரிலிருந்து வாங்கிய தண்ணீரை நிறுத்தி பிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். அது உலோகத்தை அரிக்கும் நீர். பொஸ்பேற்றும் சேர்க்கவில்லை. பழைய படலம் சிதைந்தது. ஈயம் வீடுகளுக்குள் வந்தது. கலங்கலாக வந்த இரும்புத் துருவைச் சனங்கள் கண்டார்கள். ஈயத்துக்கோ நிறமுமில்லை, ருசியுமில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், இந்தத் தண்ணீர் இயந்திரப் பாகங்களை அரிக்கிறது என்று விலகிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைப் பிள்ளைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள்! 2015 செப்டம்பரில் மோனா ஹன்னா-அத்தீஷா என்ற குழந்தை மருத்துவர், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை வெளியிட்டார். அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஒக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது.

உடல் ஈயத்தைக் கல்சியம் என்றே எண்ணி எலும்பில் சேர்த்துக்கொள்ளும். வளரும் மூளைக்கு அது செய்யும் கேடு பெரும்பாலும் மீளாதது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்; அதற்காக அதற்குக் கீழே ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈயக் குழாய் இல்லாத வீட்டிலும் பழைய பற்றாசிலோ பித்தளைப் பைப்பிலோ ஈயம் இருக்கலாம். இரவு முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரில்தான் அது கூடுதலாகக் கரைந்திருக்கும். காலையில் முதலில் வருவதைப் பூமரத்துக்கு விடுங்கள், கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குடிக்கப் பிடியுங்கள். பால்மா கரைக்கச் சுடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டாம். சுடுநீரில் ஈயம் இன்னும் எளிதாகக் கரையும். சந்தேகமிருந்தால் ஆய்வுகூடப் பரிசோதனை ஒன்றுதான் வழி. பார்த்தோ குடித்தோ கண்டுபிடிக்க ஏலாது.