கொறக்காக் குளிசையா, கொல்லைக் கீரையா?



காணியை இழந்து, லயங்களிலும் தற்காலிகக் குடியிருப்புகளிலும் வாழும் நம்மவர் பலருக்கு மண்வெட்டி பிடிக்கும் வேலை குறைந்துவிட்டது. சாப்பாடோ சோறு, கோதுமை மா ரொட்டி, சீனி போட்ட தேநீர் என்றாகிவிட்டது. உழைப்புக் குறைந்து மாச்சத்துக் கூடினால், மிஞ்சும் சக்தி கொழுப்பாகத் தங்கும். வயிற்றில் சேரும் கொழுப்பு சீனி வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வழிவிடும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை.

அண்மையில் ஒரு தாய் கேட்டார்: "சாமி, கொறக்காக் குளிசை சாப்பிட்டா உடம்பு குறையுமாமே? கிளினிக் மருந்த நிப்பாட்டிரலாமா?"

நிறுத்தக் கூடாது. மீன் கறிக்குப் போடும் கொறக்காப் புளி நல்லதே. ஆனால் அதன் சாரத்தைக் குளிசையாக்கி விற்பது வேறு விஷயம். 1998இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கொறக்காச் சாரம். மறு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. சாரம் எடுத்தவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் குளிசை எடுத்தவர்கள் 4.1 கிலோ! இரு சாராருக்கும் கொடுத்தது நார்ச்சத்து மிகுந்த, அளவான உணவு. எடையைக் குறைத்தது அந்த உணவே. இத்தகைய குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. தட்டில் பாதி கீரையும் மரக்கறியும் இருக்கட்டும். வல்லாரை, பொன்னாங்காணி, கோவா, போஞ்சி, நோகோல் யாவும் நல்லவை. நார்ச்சத்தும் நீரும் வயிற்றை நிறைக்கும், பசியை அடக்கும். உருளைக்கிழங்கைச் சோற்றோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2. மூன்று ரொட்டியை இரண்டாக்கி, அவித்த பயறு அல்லது கடலை சேருங்கள். ரொட்டி மாவில் பாதி குரக்கனாக இருக்கலாம். ஆனால் அளவு கூடக்கூடாது.

3. இரண்டு கரண்டி சீனியுடன் ஐந்து கோப்பைத் தேநீர் குடித்தால் சுமார் 40 கிராம் சீனி சேரும். நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என 2015இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்குப் பழகிவிடும்.

4. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடவுங்கள்.

சீனி வியாதிக்கு மருந்தெடுப்போர் உணவைக் குறைக்குமுன் கிளினிக்கில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி அளவு திடீரென இறங்கலாம். கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், மெலிந்த முதியோர் ஆகியோரின் உணவைக் குறைக்கவே கூடாது.

காணி போனாலும் பயிர்செய்யும் அறிவு நம்மை விட்டுப் போகவில்லை. லயத்து வாசலில் இரண்டு சாக்குகளில் மண் நிரப்பி, வல்லாரையும் பொன்னாங்காணியும் நடுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் ஒரு தண்டு கொடுங்கள். குளிசைக்குப் போகும் காசு பிள்ளைகளின் முட்டைக்கு உதவட்டும்.