தன்பொருள் சகிப்பு (நோயெதிர்ப்பியல்)

தன்பொருள் சகிப்பு என்பது நோய் எதிர்ப்புத் தொகுதி தன் உடலின் உயிரணுக்களைத் தாக்காமல் விட்டுவிடும் பண்பு ஆகும்.

டி உயிரணுக்களின் ஏற்பிகள், மரபணுத் துண்டுகள் தற்செயலாக இணைவதால் உருவாகின்றன. எனவே இதுவரை காணாத கிருமியையும் இனங்காணும் ஏற்பிகள் கிடைக்கின்றன. அதே காரணத்தால் சொந்தப் புரதங்களோடு பிணையும் ஏற்பிகளும் தோன்றிவிடுகின்றன.

இவற்றைக் களையும் முதன்மையான இடம், மார்பெலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி ஆகும். இன்சுலினைச் சுரப்பது கணையம். ஆயினும், வியப்புக்குரிய வகையில், எயர் எனும் மரபணுவின் துணையால் தைமஸ் உயிரணுக்கள் அதையும் சிறிதளவு உருவாக்கி இளம் டி உயிரணுக்களுக்குக் காட்டுகின்றன. அதனுடன் வலுவாகப் பிணைபவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. 1997 இல் கண்டறியப்பட்ட இம்மரபணு பழுதுபட்டவர்களுக்கு, அட்ரினல் முதலான பல சுரப்பிகள் அவர்களது எதிர்ப்புத் தொகுதியாலேயே தாக்கப்படுகின்றன.

இக்களையெடுப்பு முழுமையானதன்று. தப்பி வெளியேறுபவற்றை ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் அடக்கி வைக்கின்றன. சிமோன் சாகாகுச்சி 1995 இல் இவற்றை இனங்கண்டார். இவற்றுக்கு இன்றியமையாத ஃபாக்ஸ்பி3 மரபணுவின் பழுது கடும் தன்னுடல் தாக்குநோயை உண்டாக்குவதை மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001 இல் காட்டினர். மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

முதல் வகை நீரிழிவில் இச்சகிப்பு குலைந்து, இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களை டி உயிரணுக்கள் அழிக்கின்றன.