சத்தம் வருகிறது, படம் எங்கே?

டிவியில் பேச்சு கேட்கிறது. திரை மட்டும் கறுப்பு. "பேனலே போச்சு, புது டிவி வாங்கிடுங்க" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக உருவங்கள் அசைந்தால் பேனல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பழுது அதன் பின்னால் உள்ள விளக்கில் (பேக்லைட்). எல்சிடி பேனல் தானாக ஒளிராது. எல்இடி டிவி என்று கடையில் விற்கப்படுவதில் பெரும்பாலானவையும் எல்சிடிதான். பின்னாலிருந்து எல்இடி பட்டைகள் ஒளி கொடுக்கின்றன. அவை தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், திருவிழா சீரியல் செட்டைப் போல, ஒன்று போனாலே மொத்த வரிசையும் அணைந்துவிடக்கூடும். பட்டைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பேனல் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. மெனுவில் பேக்லைட் அளவை எப்போதும் 100இல் வைத்திருப்பது இந்தப் பட்டைகளின் ஆயுளைக் குறைக்கும்.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிக்னலை. டிடிஎச் டிஷ் பிடிக்கும் கேயு பேண்ட் அலைகள் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை. கனமழை அவற்றை விழுங்கிவிடும். மழை விட்ட பிறகும் தொடர்ந்தால், கேபிள் முனை துருப்பிடித்திருக்கிறதா, டிஷ் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படம் உண்டு, சத்தம் இல்லையா? ஒலி சவுண்ட்பாருக்கோ புளூடூத் ஹெட்போனுக்கோ போய்க்கொண்டிருக்கலாம். மெனுவில் டிவி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

பின்மூடியை மட்டும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.