முருகா சொல்லாமல் எழுந்திருக்க

எங்கள் பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்க்க வேண்டும். முதலில் நுனிக்கு நகர்ந்து வருவார். இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடிப்பார். முன்னும் பின்னுமாக இரண்டு ஆட்டம். மூன்றாவதில் 'முருகா' என்று ஒரே எழும்பல். வயது 76. கேட்டால், "மூட்டு தேஞ்சு போச்சுப்பா" என்பார். மூட்டு தேய்ந்தது உண்மைதான். அதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது தொடைத் தசை. அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

இளம் வயதில் நாற்காலியை விட்டு எழ, தொடையின் பலத்தில் பாதி போதும். எழுபதைத் தாண்டினால் இருக்கிற பலத்தில் பெரும்பகுதி அதற்கே செலவாகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் கழிப்பறைக்குப் போகவும் ஆள் வேண்டும். பெண்களுக்கு இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆண்களைவிடக் குறைந்த தசையோடு தொடங்கி, ஆண்களைவிட அதிக காலம் வாழ்பவர்கள் அவர்கள்.

"வயசான காலத்தில் வெயிட்டைத் தூக்காதே" என்பதுதான் நம் வீடுகளில் வழங்கும் அறிவுரை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர் இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தார். முதியோர் காப்பகம் ஒன்றில் தளர்ந்துபோயிருந்த பத்துப் பேரைச் சேர்த்தார். சராசரி வயது 90. ஒரே ஒரு முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் அளந்து, அதில் 80 சதவீதத்தைக் காலால் தூக்கவைத்தார். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். 1990-இல் வெளியான முடிவின்படி தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டே நடந்தார்கள்.

பத்துப் பேரை வைத்து எதையும் முடிவு கட்டிவிட முடியாது. 1994-இல் அவரது குழு 100 பேரிடம் சோதித்தது. அதில் 63 பேர் பெண்கள். பத்து வாரப் பயிற்சியில் பலம் இருமடங்குக்கு மேல் ஆனது. நடையின் வேகமும் படியேறும் திறனும் கூடின. எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று. பயிற்சியில்லாமல் ஊட்டச்சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. பாட்டியைப் பார்க்கப் போகும்போது சத்துமாவு டப்பாவும் ஆப்பிளும் வாங்கிப்போகிற நாம் இதைக் கவனிக்கலாம். புரதம் வேண்டாம் என்பதல்ல. வேலை கொடுக்காத தசைக்கு அது மட்டும் போதாது.

'தினமும் வாக்கிங் போகிறேனே' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் தசையில் மெதுவாக இயங்கும் இழைகள், வேகமாக இயங்கும் இழைகள் என்று இரண்டு வகை உண்டு. வயதாகும்போது அதிகம் சுருங்குபவை வேகமானவை. கால் இடறும்போது சட்டென்று அடுத்த அடியை ஊன்றி நம்மை நிறுத்துபவையும் அவைதான். சாதாரண நடைக்கு மூளை அவற்றை அதிகம் கூப்பிடுவதில்லை. சுமை கனத்தால்தான், அல்லது அசைவு வேகமாக இருந்தால்தான் அவை எழுந்து வரும். பயிற்சியின் ஆரம்ப வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கும் நரம்புகளுடையது. தசை பருக்குமுன்பே, இருக்கிற தசையை வேலை வாங்க நரம்பு பழகிக்கொள்கிறது.

இந்தப் பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. சுவரோரம் போட்ட நாற்காலி போதும். கையை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து உட்கார வேண்டும். முடியாவிட்டால் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். எளிதானால் தலையணையை எடுத்துவிடலாம். பிறகு இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு முறை சிரமப்பட வேண்டும், இல்லையென்றால் சுமை போதவில்லை என்று அர்த்தம். மூச்சை அடக்கக் கூடாது. இதய நோயோ கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

நிறுத்தினால் பலம் தங்காது. பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை விட்ட நான்கே வாரத்தில் 32 சதவீத பலத்தை இழந்தார்கள். பெரியம்மா இரண்டு தலையணையில் ஆரம்பித்து இப்போது ஒன்றுக்கு வந்திருக்கிறார். மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் சோபாவில் உட்கார்ந்துவிட்டு வந்தால் மறுபடி இரண்டு.